பதக்கம் தெரிந்தது, கண் தெரியவில்லை

குருநகர் ஜெறோமின் கமரா தங்கத்துக்கென்றே பிறந்தது என்று ஊரில் ஒரு கதை உண்டு. மணப்பெண்ணின் கழுத்தில் கிடக்கும் பதக்கம் சொந்தமா இரவலா, இரவலென்றால் எந்த வீட்டு அலுமாரியிலிருந்து வந்தது என்பதையெல்லாம் அவன் எடுத்த படத்தைப் பார்த்தே ரொறன்ரோவில் இருக்கும் சனம் சொல்லிவிடுமாம். ஒருமுறை பதக்கத்தின் நடுக்கல்லில் குந்தியிருந்த ஈயின் மீசையைக்கூட எண்ணினார்களாம். எத்தனை மீசை என்பதில்தான் இன்னும் வழக்கு.

இந்தப் பெயர் அவனுக்குச் சும்மா வரவில்லை. பின்னால் நிற்கிற சனமும் சோடனையும் கலங்கி, ஆள் மட்டும் துலங்க வேண்டுமென்றால் லென்ஸை அகலத் திறக்க வேண்டும். அப்படித் திறந்தால் தெளிவு ஒரு விரற்கடை ஆழத்துக்குத்தான் கிடைக்கும். கண்ணைப் பிடித்தால் நகை மங்கும். நகையைப் பிடித்தால் கண் மங்கும். தொழில் தொடங்கிய நாளில் ஜெறோம் கண்ணைத்தான் பிடித்தான். அவனுடைய முதல் கலியாண ஆல்பத்தைப் பெண்வீட்டார் திருப்பிக் கொண்டுவந்து மேசையில் போட்டார்கள். "என்ன தம்பி, பதக்கமெல்லாம் பாசி பிடிச்ச மாதிரிக் கிடக்கு!" அன்றைக்குக் கீழே இறங்கிய போகஸ் பிறகு மேலே ஏறவே இல்லை.

ஒரே தம்பி கொலின்ஸின் கலியாணத்திலும் அதே கதைதான். கனடாவிலிருந்து சின்னம்மா அற்புதராணி வீடியோவில் கத்திக்கொண்டிருந்தாள்.

"டேய் ஜெறோம், உவன்ரை மூஞ்சையை நாங்கள் பாக்காததே? தாலிக்கொடியைத் தெளிவாய் எடடா!"

கொலின்ஸ் சிரித்தான். "கொடியிலை ஆயிரம் எடண்ணை. எனக்கு ஒண்டாவது கண்ணும் மூக்குமாய் எடு."

"நீ எங்கை ஓடப்போறாய்? பிறகு ஆறுதலாய் எடுப்பம்."

கொலின்ஸ் ஓடவில்லை. ஐந்து வருடம் கழித்து, போன ஐப்பசியில், வழக்கம்போலக் கடலுக்குப் போனான். படகு மட்டும் கவிழ்ந்தபடி கரையொதுங்கியது. பதினொரு நாள் தேடினார்கள். பன்னிரண்டாம் நாள் பங்குச் சுவாமியார் வீட்டுக்கு வந்து, உடல் கிடைக்காவிட்டாலும் சனிக்கிழமை பூசை ஒப்புக்கொடுப்போம், படம் ஒன்று வையுங்கள் என்றார். கடலை நம்பிய குடும்பங்களுக்கு இது புதிதல்ல. சவப்பெட்டி இருக்க வேண்டிய இடத்தில் படம் இருக்கும். கடைசி முகம் பார்ப்பதென்றால் அந்தப் படத்தைத்தான் பார்க்க வேண்டும்.

சுவாமியார் போனபிறகு தாய் மரியநாயகி ஜெறோமின் கையைப் பிடித்தாள்.

"மோனை, கண் தெரியிற படமாய்ப் போடு. அவன்ரை கண்ணைப் பாத்து நான் ஒருக்கா ஏச வேணும். சொல்லாமல் போயிட்டான்."

ஜெறோம் ஸ்ரூடியோக் கதவை அரைவாசி சாத்திவிட்டுக் கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்தான். தம்பியின் உருவம் விழுந்த படங்கள் நானூற்றுக்கு மேல் இருந்தன. ஒவ்வொன்றாய்ப் பெருப்பித்தான். தாலி கட்டுகிற படத்தில் கொடியின் கண்ணியெல்லாம் ஒவ்வொன்றாய் மின்னியது; மேலே கொலின்ஸின் கண்கள் தண்ணீரில் கரைந்த மை. தம்பி மகளின் ஞானஸ்நானப் படத்தில் பிள்ளையின் காப்புத் தெளிவு. ஈஸ்டர் படத்தில் சேட்டுப் பொத்தான் தெளிவு. அடையாள அட்டை அவனோடேயே கடலுக்குப் போய்விட்டது; அதற்கு எடுத்த படம் இருந்த பழைய கொம்பியூட்டர் முந்தின மாரி வெள்ளத்தில் செத்துப்போயிருந்தது. போனில் கிடந்த படங்களில் அவன் கறுப்புக் கண்ணாடியோடு நின்றான்.

கடைசியில் ஒரு படம். துறையில் கொலின்ஸ் பெரிய பாரை மீனொன்றை நெஞ்சுக்கு முன்னால் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். அது புதுக் கமராவில் எடுத்தது. அந்தக் கமரா கண்ணைத் தானே தேடிப் பிடித்துப் பச்சைக் கட்டம் போடும். ஜெறோம் கதிரையைக் கிட்ட இழுத்தான். பெருப்பித்தான்.

கண் துலக்கமாய்த்தான் விழுந்திருந்தது. கண்மணியில் துறையும் படகும் வெயிலும் தெரிந்தன. ஆனால் அது பாரையின் கண். மீனுக்குப் பின்னால் கொலின்ஸ் புகையாய்ச் சிரித்துக்கொண்டிருந்தான்.

ஜெறோமுக்கு முதலில் சிரிப்பு வந்தது. சிரிப்பு அடங்காமல் போய், மேசையில் தலையைக் குத்திக்கொண்டு கிடந்தான். செத்த மீனுக்குக் கண் இருக்கிறது, தம்பிக்கு இல்லை.

மங்கிய முகத்தைத் தெளிவாக்கித் தரும் வித்தையொன்று கொம்பியூட்டரில் உண்டு. கலியாணப் படத்தை அதற்குள் போட்டான். அது ஒரு நிமிஷத்தில் இரண்டு கண்களைச் செய்து கொடுத்தது. இமைமயிரை எண்ணலாம். அச்சடித்துக்கொண்டு ஓடினான். மரியநாயகி படத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் நெடுநேரம் பார்த்தாள்.

"வடிவான பெடியன். ஆரின்ரை பிள்ளை, மோனை?"

அவன் அதை நாலாய்க் கிழித்தான்.

அன்றைக்குப் பின்னேரம் அற்புதராணி போன் எடுத்தாள். "இவ்வளவு ஆயிரம் படம் எடுத்தனி, கூடப் பிறந்தவன்ரை கண்ணைத் தெளிவாய் ஒண்டு எடுக்கேல்லையே, கோதாரி?"

"தாலிக்கொடி தெளிவாய் இருக்குச் சின்னம்மா. அனுப்பவோ?"

அந்தப் பக்கம் அழுகை மட்டும் கேட்டது. சொன்னதை ஜெறோமால் திருப்பி விழுங்க முடியவில்லை.

சனிக்கிழமை கோவிலில், பெட்டி இருக்க வேண்டிய இடத்தில், கலியாணப் படத்திலிருந்து வெட்டிப் பெருப்பித்த மங்கல் முகம் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்தது. பூசை முடிந்ததும் மரியநாயகி கிட்டப் போனாள். சீலைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்தாள். பார்த்தாள். வாயால் ஊதி மறுபடியும் துடைத்தாள்.

"என்னவோ படிஞ்சு கிடக்கு மோனை. போகுதில்லை."

அவள் ஏச வந்த ஏச்சை ஏசாமலே சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பிறகு குடும்பப் படம். பெட்டியைச் சுற்றி நின்று படம் எடுத்துக் கடல் கடந்த உறவுகளுக்கு அனுப்புவது வழக்கம். வேறு ஆளைப் பிடிப்போம் என்று சனம் சொல்லியும் ஜெறோம் கேட்கவில்லை. ஒரு பக்கம் தாய், மறுபக்கம் கொலின்ஸின் மனைவி லவீனா, அவள் இடுப்பில் பிள்ளை, நடுவில் படம். ஜெறோம் கமராவைத் தூக்கினான். பச்சைக் கட்டம் தாயின் கண்ணில் விழுந்தது. லவீனாவின் கண்ணுக்குத் தாவியது. பிள்ளையின் கண், பின்னால் நின்ற சுவாமியாரின் கண், அதற்கும் மேலே மாதா சொரூபத்தின் கண்ணையும் விடாமல் தொட்டுவிட்டு வந்தது. கொலின்ஸிடம் மட்டும் போகவில்லை.

ஜெறோம் ஒரு அடி முன்னால் வந்தான். இன்னொரு அடி வந்தான். கட்டம் அந்த முகத்துக்கு மேலே ஒரு கணம் அலைந்தது. அங்கே பிடிக்க ஒன்றும் கிடைக்காமல் தாயின் கண்ணுக்கே திரும்பிப் போனது.

"கொலின்ஸ் தெளிவாய் விழுறானோ, மோனை?"

"ஓம் அம்மா," என்று சொல்லி அவன் பொத்தானை அமத்தினான்.