அருவிக்கரைக் காம்ப்ளெக்ஸின் கதை

கடந்த ஐப்பசியில், மழை எச்சரிக்கை இருந்த ஒரு சனிக்கிழமை, கல்வராயன் மலைக்குப் போனேன். குளிக்கப் போகவில்லை. கள்ளக்குறிச்சியில் என்னோடு படித்த நூர்ஜஹான் மலைமேல் அருவிக்குப் பக்கத்தில் பேன்சி ஸ்டோர் வைத்திருக்கிறாள். "கடையோட பின் செவுத்துல விரிசல் வுட்டிருக்கு செல்வி. ஓனரு சிமிட்டி பூசிட்டுப் போயிட்டாரு. நீதான் ஊர் ஊரா போய் எழுதுறியே, வந்து பாரேன் டி" என்று, சரக்கெடுக்கக் கள்ளக்குறிச்சிக்கு இறங்கியிருந்தபோது போனில் சொன்னாள். எதற்கும் சிரித்துவிட்டுப் பேசுகிறவள், அன்று சிரிக்கவில்லை.

காலை ஏழே காலுக்குக் கள்ளக்குறிச்சியில் பேருந்து ஏறினேன். கச்சிராயபாளையம் தாண்டி மலைப்பாதை தொடங்கியதும் போனில் சிக்னல் போய்விட்டது. ஒவ்வொரு வளைவிலும் செம்மண் தண்ணீர் சாலையைக் கடந்து ஓடியது. வெள்ளிமலையில் இறங்கி, ஷேர் ஜீப்பில் ஐம்பது ரூபாய் கொடுத்து அருவிக்குப் போனேன். "சாயங்காலம் ஜீப் இருக்குமா?" என்று ஓட்டுநரிடம் கேட்டேன். "மழ ஜாஸ்தியானா இல்லீங்க" என்றார். அதோடு என் நிம்மதி போயிற்று.

காம்ப்ளெக்ஸ் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். சாலையோரம் வரிசையாகப் பத்துக் கடைகள், இரும்பு ஷட்டர்கள், மேலே தகரக் கூரை. மூலிகைகளைத் தொட்டு வரும் தண்ணீர் உடம்புக்கு நல்லது என்று நம்பிக் குளிக்க வருகிறவர்களை வைத்துத்தான் இந்த இடமே வளர்ந்தது. முதலில் மலைக்காரப் பெண்கள் சாக்கு விரித்துத் தேனும் சாமையும் விற்றார்கள். கூட்டம் சேர்ந்ததும் எண்ணெய்க் கடை, துண்டுக் கடை, பஜ்ஜிக் கடை என்று கீற்றுக் கொட்டகைகள் முளைத்தன. பிறகு சமவெளியிலிருந்து வந்த கீழ்நாட்டுக்காரர் ஒருவர் இடத்தை வாங்கிக் கட்டடம் எழுப்பினார். சாலையை ஒட்டி வேறு இடம் இல்லாததால், பின்னால் இருந்த ஓடையை மண் கொட்டி மூடினார்.

"ஓடைன்னு யாருக்கும் தெரியாதா?" என்றேன்.

"எல்லாருக்கும் தெரியும் டி. கூட்டம் இங்கதான வருது, வேற எங்க போறது? தெனமும் பயந்துகினுதான் ஷட்டரத் தூக்குறோம்" என்றாள் நூர்ஜஹான்.

பின்சுவரைப் போய்ப் பார்த்தேன். பூச்சுக்கு மேலேயே புதிதாக ஒரு கோடு ஓடியிருந்தது. கை வைத்தேன், ஈரமாக இருந்தது.

மூன்று மணிக்கு மேல் மழை பிடித்துக்கொண்டது. குளித்துக்கொண்டிருந்தவர்கள் ஈரத்துணியோடு ஓடிவந்து எதிர்ப்பக்க மேட்டில் ஒதுங்கினார்கள். கடைகளுக்குள் தரை வழியாகத் தண்ணீர் ஊறியது. எல்லோரும் வெளியே வந்துவிட்டோம். நூர்ஜஹானின் கணவர் பஷீர் மட்டும் பெட்டிகளை மேலே ஏற்றிவைக்க உள்ளே போனார். சாரல் அடிக்காமலிருக்க ஷட்டரை இறக்கிக்கொண்டார்.

திடீரென்று கட்டடத்துக்குள் கல் நெரிபடுவது போலச் சத்தம். தகரக் கூரை ஒரு பக்கம் சாய்ந்தது.

"இன்னாங்க, வெளிய வாங்க!" என்று கத்தினாள் நூர்ஜஹான்.

"ஷட்டர் ஏற மாட்டேங்குது!" பஷீரின் குரல் மட்டும் வந்தது. ஷட்டரின் இரும்புச் சட்டம் கோணியிருக்க வேண்டும். கீழே ஒரு சாண் இடைவெளியில் அவருடைய விரல்கள் தெரிந்தன. போலீசுக்கோ தீயணைப்புக்கோ பேசச் சிக்னல் இல்லை. நான் ஷட்டரைப் பிடித்து இழுத்தேன். அசையவே இல்லை.

பக்கத்து டீக்கடை மாயவன் கடப்பாரையோடு ஓடிவந்தார். "நவுருங்க! ஆம்பளைங்க நாலு பேரு வாங்க!" என்று மேட்டைப் பார்த்துக் கத்தினார். துண்டு கட்டியிருந்தவர்கள் அப்படியே இறங்கி வந்தார்கள். கடப்பாரையை நெம்ப நெம்ப, ஷட்டர் முழங்கால் உயரத்துக்கு ஏறியது. பஷீர் குப்புறப் படுத்து ஊர்ந்து வந்தார். கையைப் பிடித்து இழுத்தோம். சாலையைத் தாண்டும்போது பின்சுவர் விழுந்தது. நூர்ஜஹானுடையது உட்பட மூன்று கடைகள் ஓடையோடு போயின.

நூர்ஜஹான் அவர் முதுகில் அடித்துக்கொண்டே இருந்தாள். "பொட்டிதான் முக்கியமா உனக்கு? சொல்லு, பொட்டிதான் முக்கியமா?" அவர் அவள் முக்காட்டின் நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மழை குறைந்ததும் குளிக்க வந்தவர்களின் வேன் ஒன்றில் ஏறி வெள்ளிமலைக்கு வந்தோம். இரவு அங்கேயே தெரிந்தவர் வீட்டில் தங்கி, மறுநாள்தான் இறங்கினோம்.

போக நினைப்பவர்களுக்கு: தை முதல் பங்குனி வரை போங்கள். அப்போது தண்ணீர் குறைவுதான், ஆனால் பயமில்லை. மழைக்காலத்தில் போனால் மதியத்துக்குள் இறங்கிவிடுங்கள். மீதிக் கடைகள் திறந்திருக்கும். நின்று வாங்கலாமா வேண்டாமா என்று நானாகச் சொல்ல மாட்டேன். பின்பக்கம் போய் ஒருமுறை பார்த்துவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.

ஓனர் அதே இடத்தில் திரும்பக் கட்டப்போவதாகச் சொல்லியிருக்கிறார். நூர்ஜஹான் வேண்டாம் என்றுவிட்டாள். இப்போது எதிர்மேட்டில் தார்ப்பாய்க்குக் கீழே வளையலும் சோப்பும் விற்கிறாள். போன வாரம் சரக்கெடுக்க இறங்கியபோது போனில் பேசினாள். "யாவாரம் பாதிக்குப் பாதி கம்மி டி. காத்தடிச்சா தார்ப்பா பறக்குது. ஆனா மழ பேஞ்சாலும் அவரு குறட்ட வுட்டுத் தூங்குறாரு" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள்.