என்னைத் தாண்டிப் போன முறை

டோர்ட்மண்டில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் சிறுதோட்டக்காரர்களின் சங்கக் கட்டடம் ஒன்று இருக்கிறது. ஞாயிறு பின்னேரங்களில் அங்கே புளூகிராஸ் வாசிப்பார்கள். அது அமெரிக்க மலைநாட்டு இசை. வாசிப்பவர்களோ ஓய்வூதியக்காரர்கள், ஒரு பல் வைத்தியர், இரண்டு ஆசிரியைகள். சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலையில் வயலின் படித்த நான் அதற்குள் எப்படி விழுந்தேன் என்று கேட்டால் பெரிய கதை ஒன்றும் இல்லை. ஒரு தெருவிழாவில் கேட்டேன், பிடித்துவிட்டது, வயலினோடு போய்விட்டேன்.

அங்கே ஒலிவாங்கியும் கிடையாது, பார்த்து வாசிக்கத் தாளும் கிடையாது. வட்டமாக இருந்து வாசிப்பார்கள். ஒரு சரணம் பாடி முடிந்ததும் பாஞ்சோ வாசிப்பவர் யாரையாவது பார்த்துத் தலையசைப்பார். தலையசைப்புக் கிடைத்தவர் அந்த மெட்டைத் தனியாக ஒரு சுற்று வாசிக்க வேண்டும், பிறகு அடுத்தவர். அந்தத் தனிச் சுற்றுக்காகத்தான் நான் போனேன். வீட்டில் கதவைப் பூட்டிக்கொண்டு பழகியதும் அதற்காகத்தான்.

ஆனால் எனக்குத் தலையசைப்பு வரவேயில்லை. இடப்பக்கத்து மண்டலின்காரருக்கு வரும், என்னைத் தாண்டி வலப்பக்கத்தில் கிற்றார் வாசிக்கும் ஆசிரியைக்குப் போகும். முதல் ஞாயிறு மறதி என்று நினைத்தேன். பிறகு பார்த்ததெல்லாம் சந்தேகமாகப் பட்டது. என்னைக் கண்டதும் எல்லோரும் சிரிக்கிறார்களே, அது எதற்கு? மூலையில் குசுகுசுப்பது என்னைப் பற்றியா? தப்புத் தப்பாக வாசிக்கும் பல் வைத்தியருக்குக் கூட முறை வருகிறதே? நான் பொரித்துக் கொண்டுபோன ரோல்ஸ் பலகாரத் தட்டை மட்டும் ஒருவரும் தாண்டிப் போகவில்லை.

எரிகிற நெருப்பில் கணவர் எண்ணெய் வார்த்தார்.

"அவை உம்மை ஒருநாளும் சேர்க்க மாட்டினம். படம் எடுத்துப் போடுறதுக்கு ஒரு கறுத்த முகம் வேணும், அவ்வளவுதான்."

"சும்மா இருங்கோ," என்றேன். ஆனால் அடுத்த ஞாயிறு யாராவது கைபேசியை உயர்த்தினாலே முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

கடைசியில் பொறுமை போய்விட்டது. இடைவேளையில் பாஞ்சோக்காரரிடம் ஜேர்மன் மொழியில் நேராகவே கேட்டேன். "எனக்கு ஏன் முறை தருவதில்லை? என் நிறமா காரணம்?"

அவர் முகம் சிவந்துவிட்டது. என் கதிரையைக் காட்டினார். "நீங்கள் வட்டத்துக்கு வெளியே அல்லவா இருக்கிறீர்கள்? வெளியே இருந்தால் தனியாக வாசிக்க விருப்பமில்லை என்று அர்த்தம். உங்களை வற்புறுத்த வேண்டாம் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன்."

கதிரை ஒரு முழம் பின்னால்தான் கிடந்தது. மூத்தவர்கள் இருக்கும் இடத்தில் எடுத்த எடுப்பில் போய் முன்னால் இருக்க எங்கள் ஆட்களுக்கு வராது. "முன்னுக்கு வாங்கோ, வாங்கோ" என்று யாராவது இரண்டு மூன்று தரம் கூப்பிட வேண்டும். அந்த அழைப்புக்காக நான் காத்திருந்தேன். கூப்பிடாமல் விடுவதுதான் மரியாதை என்று அவர்கள் இருந்திருக்கிறார்கள். அப்படியும் எனக்கு முழு நம்பிக்கை வரவில்லை. பதிலைத் தயாராக வைத்திருந்தாரோ என்று யோசித்தபடியே கதிரையை உள்ளே இழுத்தேன்.

அடுத்த பாட்டில் தலையசைப்பு வந்தது. வீட்டில் பழகியதையெல்லாம் ஒரே மூச்சில் கொட்டி வாசித்தேன். முடிந்ததும் பெரிய பாஸ் வாத்தியம் வாசிக்கும் பெண் முகத்தைச் சுளித்தார்.

"வேகம் மிக அதிகம். எங்களால் பின்னால் ஓட முடியவில்லை. மற்றவர்களையும் கேட்டு வாசியுங்கள்."

அந்த அறையில் ஒருவர் என்னைக் குறை சொன்னது அதுதான் முதல் தரம். விருந்தாளியிடம் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"மெதுவாக வாசிக்கிறேன், இன்னொரு சுற்றுத் தாருங்கள்," என்று நானே கேட்டேன்.