அப்பாடா சொல்லும் நேரம்

செருப்பைக் கழற்றினால் அப்பாடா, பஸ்ஸில் இடம் கிடைத்தால் அப்பாடா, விருந்தாளி கிளம்பிப் போனால் கதவைச் சாத்திவிட்டு ஒரு அப்பாடா. நமக்கெல்லாம் அது வாயில் தானாக வந்து விழுகிற சொல். பீரோ அண்ணனுக்கு அப்படியில்லை. வீடு மாறுகிறவர்களின் சாமான்களை மாடி ஏற்றி இறக்கும் நால்வரில் அவர்தான் மூத்தவர். அவர்களிடம் அப்பாடாவுக்கு ஒரே ஒரு நேரம்தான் உண்டு. பீரோவின் நாலு காலும் தரையில் பட்டு, எட்டுக் கையும் காலியாக வேண்டும். அப்போதும் முதலில் அண்ணன்தான் சொல்வார்.

சும்மா இல்லை. ஒருமுறை படிக்கட்டுத் திருப்பத்தில், புதிதாகச் சேர்ந்தவன் தன் மூலையைப் படியில் சாய்த்துவிட்டு "அப்பாடா" என்றான். இறக்கியாயிற்று என்று நினைத்து மற்றவர்கள் பிடியைத் தளர்த்த, பீரோ வழுக்கி அண்ணனின் கட்டைவிரலைப் பதம் பார்த்துவிட்டது. அன்று பிடித்த பிடிவாதம் வீடுவரை வந்தது. அடுப்பை அணைக்காமல் மனைவி அப்பாடா என்று உட்கார்ந்தால்கூட முறைப்பார்.

"ஒக்காரக்கூட உங்ககிட்ட அனுமதி வாங்கணுமா?" என்பாள் அவள்.

அவளுக்கு வயிற்றில் கட்டி, ஆபரேஷன்தான் வழி என்றதும் அண்ணனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆபரேஷன் அறைக்கு வெளியே அவளுடைய மூக்குக்கண்ணாடியை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றார். டாக்டர் வந்து, "நல்லபடியா முடிஞ்சுது" என்றார்.

"அப்பாடா!" என்றான் கூட நின்ற மச்சான், அவளுடைய தம்பி.

"வாய மூடுடா. நாம இன்னும் படியிலதான் நிக்கிறோம்."

சில நாள் கழித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. யாரும் கூப்பிடாமலே மற்ற மூவரும் வந்து நின்றார்கள். அவளை நாற்காலியில் உட்கார வைத்து, அண்ணனோடு சேர்ந்து நால்வரும் ஆளுக்கொரு மூலையாகத் தூக்கினார்கள்.

"அண்ணி, பீரோவே தேவலாம் போலிருக்கே!"

"டேய், சிரிக்க வைக்காத. தையல் வலிக்குது."

திருப்பங்களில் அண்ணன், "மெல்ல, மெல்ல" என்றார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

கட்டிலருகே நாற்காலி இறங்கியது. நாலு காலும் தரையில். அவளைப் படுக்க வைத்துத் தலையணையைச் சரிசெய்தார் அண்ணன். மூவரும் கையைத் தட்டிவிட்டுக்கொண்டு அவர் வாயையே பார்த்தார்கள்.

அவர் சொல்லவில்லை. கண் மட்டும் நிறைந்து வழிந்தது.

"சொல்லுங்களேன், பாவம் காத்துட்டு நிக்கிறாங்க" என்றாள் அவள்.

"எங்க சொல்றது? என் கை இன்னும் காலியாகலையே."

அவளுடைய கை அவர் கைக்குள் இருந்தது. விடுகிற மாதிரியும் தெரியவில்லை.

மூவரும் சத்தமில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு இறங்கினார்கள். தெருவுக்குப் போனபிறகுதான் ஒரே குரலில் சொன்னார்கள். மூன்றாவது மாடி ஜன்னல்வரை கேட்டது. அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.