வாசலில் கிடந்த சப்பாத்து

போன வாரம் குசினியில் ஒரு பாட்டுக் கேட்டேன். பாடியவர் எங்கள் உணவகத்தின் இங்கிலாந்துக்காரச் சமையற்காரர். நான் அங்கே கோப்பை கழுவுகிறவன்.

அந்தக் காலத்தில் லண்டன் தெருக்களில் ஒற்றைத் தாளில் அச்சடித்து விற்ற பாட்டுகளாம். கதை எப்போதும் ஒன்றுதான்... புருஷன் நேரத்துக்கு முன்னமே, வேளைக்கே வீட்டுக்கு வருவான். கள்ளக் காதலன் மாப்பெட்டிக்குள் ஒளிவான். மனைவி ஒரு பொய் சொல்வாள். புருஷன் நம்புவான். வெல்வது மனைவி.

உங்கள் ஆட்களிடம் இப்படிப் பாட்டு உண்டா என்று கேட்டார்.

"இல்லை. நாங்கள் ஒழுக்கமானவர்கள்" என்றேன்.

யார் என்னைப் பேசச் சொன்னது?

சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடியில் ஒரு குடும்பத்தின் ஹோலில் வாடகைக்குப் படுக்கிறேன். அடுத்த நாளே அந்த வீட்டு அண்ணை வேலையால் வேளைக்கு வந்துவிட்டார். அவர் மனைவி அக்காவுக்குக் கார் பழக்குகிறவர் அறைக்குள். உடுப்பு வைக்கும் குளோசெற்றுக்குள் பாய்ந்துவிட்டார். கெட்டிக்காரர். ஆனால் சப்பாத்து?

நம்மவன் எந்தப் பாவத்தையும் சப்பாத்தை வாசலில் கழற்றி வைத்துவிட்டுத்தான் செய்வான்.

"உது ஆற்ற சப்பாத்து?" அண்ணை கேட்டார்.

"தம்பியின்ர" என்றார் அக்கா, என்னைக் காட்டி.

இல்லை என்றால் அவர்கள் குடும்பம் போகும். ஓம் என்று சொல்லிப் பிடிபட்டால் என் படுக்கை போகும். வெளியே முழங்காலளவு பனி.

"ஓம் அண்ணை, என்ரதான்."

"நல்ல தோல். என்ரை ஓட்டை. ஒருக்காப் போட்டுப் பாக்கட்டே?"

அளவாக இருந்தது.

"குசினியில நிக்கிற உனக்கு என்னத்துக்கு உது? நான் எடுக்கிறன்."

"எடுங்கோ அண்ணை."

அதைப் போட்டுக்கொண்டே பால் வாங்கப் போனார். குளோசெற்காரர் வெளியே வந்தார். வெறும் சொக்ஸோடு பனியில் போக முடியுமா? அண்ணையின் ஓட்டைச் சப்பாத்தை மாட்டிக்கொண்டு ஓடினார்.

அண்ணை திரும்பி வந்து வாசலைப் பார்த்தார். பழையது இல்லை. தேத்தண்ணி குடித்து முடித்தார்.

"இனி உமக்குக் கார் நான் பழக்கிறன்" என்றார் அக்காவிடம்.

"உங்களுக்கே ஓடத் தெரியாதே..."

"ரெண்டு பேருமாப் பழகுவம்."

பிறகு என்னைப் பார்த்தார். நான் மனத்துக்குள் பையைக் கட்டத் தொடங்கியிருந்தேன்.

"நீ இரு. பொய் சொன்னாலும் நல்ல சப்பாத்துத் தந்தனீ."

சமையற்காரருக்கு இதைச் சொன்னேன். சிரித்துச் சிரித்து வெங்காயத்தைக் கருக்கிவிட்டார். "கடைசியில் யார் வென்றது?" என்று கேட்டார்.

கால் நனையாதவர்.