கையுறை எடுக்கப் போன வாசுகி

சனிக்கிழமை முற்பகல். டென்மார்க்கில், ஹேர்னிங் நகருக்கு வெளியே எங்கள் ராக்கெட் கொட்டகையில் வால்வு ஒன்றைக் கழற்றிக்கொண்டிருந்தபோது ரமணனின் அழைப்பு வந்தது. "அண்ணை, வாசுகி எங்களை விட்டுட்டுப் போயிட்டா" என்றார். அவர் வாசுகியின் கணவர். நோய் முற்றியிருந்தது எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனாலும் கையிலிருந்த திருகுசாவியை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றேன்.

அவளை அறிந்தவர்களுக்கு அவளுடைய மறதியும் தெரியும். அவள் பம்புத் தொழிற்சாலையில் தரம் பார்ப்பவள், என்னைவிடப் பத்து வயது இளையவள். நான் தையல் தொழிற்சாலையில் இயந்திரம் திருத்துபவன். வார இறுதிகளில் சிறிய ராக்கெட்டுகள் கட்டி, கடற்கரையிலிருந்து ஏவும் இந்தச் சங்கத்தில் நாங்கள் இருவர் மட்டுமே தமிழர். ஏவும் நாளில் எல்லாரும் பாதுகாப்புக்காக மணல்மேட்டுக்குப் பின்னால் வந்து சேர்ந்த பிறகு அவள் எதையாவது மறந்துவிட்டுத் திரும்ப ஓடுவாள். கையுறை, மூக்குக்கண்ணாடி, தேநீர்க் குடுவை. ஒரு நத்தார், கிறிஸ்துமஸ் பண்டிகைக்குச் சங்கத்தார் சின்னப் பிள்ளைகள் போடும், கயிற்றால் இணைத்த கையுறையைப் பரிசாகக் கொடுத்துக் கேலி செய்தார்கள். சிரித்துக்கொண்டே போட்டுக்கொண்டாள்.

முதல் தடவை அவள் கையுறை எடுக்கப் போன கதையை நான் இத்தனை காலம் யாரிடமும் சொன்னதில்லை.

அன்று கடும் குளிர், கடற்காற்று. ராக்கெட்டின் எரிபொருளை எரிக்க உதவும் திரவ ஒட்சிசன் (ஆக்சிஜன்) தாங்கியின் காற்றுப்போக்கிக் குழாயில் மணல் புகாதபடி, சிவப்பு நாடா கட்டிய மூடி ஒன்று போட்டிருப்போம். நிரப்புவதற்கு முன் ஏணியில் ஏறி அதைக் கழற்றுவது என் பொறுப்பு. மூடியோடு நிரப்பினால், உள்ளே கொதித்து ஆவியாகும் ஒட்சிசன் வெளியேற வழியின்றித் தாங்கி வெடிக்கும். நிரப்பும்போது பக்கத்தில் நிற்பவர் எங்கள் தலைவர் ஹென்ரிக். நான் கீழே நின்றே அண்ணாந்து பார்த்தேன். நாடா தெரியவில்லை. யாரோ கழற்றிவிட்டார்கள் என்று நினைத்துச் சரிபார்ப்புப் பட்டியலில் கையெழுத்து வைத்தேன். விறைத்த விரல்களோடு ஏணி ஏறப் பஞ்சியாக, சோம்பலாக இருந்தது, வேறொன்றுமில்லை.

மணல்மேட்டில் வாசுகி கேட்டாள்: "அண்ணை, மூடியைக் கழட்டினீங்களோ?"

"ஓம்."

"கண்ணாலை பாத்தனீங்களோ, மனசாலை பாத்தனீங்களோ?"

"ஓம் எண்டு சொல்லுறனெல்லே!" என்று எரிந்து விழுந்தேன்.

அவள் உடனே, கையுறையை மறந்துவிட்டேன், நிரப்பத் தொடங்க வேண்டாம் என்று டெனிஷில் ஹென்ரிக்கைப் பார்த்துக் கத்திக்கொண்டே ராக்கெட்டை நோக்கி ஓடினாள். எல்லாரும் சிரித்தார்கள். திரும்பி வந்தவள் ஒரு கையுறையை என் கையில் திணித்தாள். அதற்குள் மூடி இருந்தது; ஹென்ரிக் நிரப்பும் கருவியில் குனிந்திருந்த நேரத்தில் ஏணி ஏறிக் கழற்றியிருக்கிறாள். காற்று அடித்து நாடா குழாய்க்குப் பின்பக்கம் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது; அதனால்தான் கீழிருந்து தெரியவில்லை.

அவள் தாழ்ந்த குரலில் சொன்னாள்: "நான் சொல்ல மாட்டன். நீங்களே சொல்லுங்கோ அண்ணை. சொல்லாட்டில் திரும்பவும் நடக்கும்."

நான் சொல்லவில்லை. டெனிஷ்காரருக்கு முன்னால் மானம் போய்விடும் என்று பயந்தேன். அவளும் அதைப் பற்றிப் பிறகு கதைக்கவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு ஏவுதலிலும் எதையாவது மறந்தாள்.

இறுதிக் கிரியையில் ஹென்ரிக் அந்தக் கயிற்றுக் கையுறையைப் பெட்டியின் மேல் வைத்தார். எல்லாரும் அழுதபடியே சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதற்காக என்னை நானே மன்னிக்க முடியவில்லை.

டெனிஷ்காரர் படிக்க முடியாத தமிழில் மட்டும் இதை எழுதிவிட்டு இருப்பதும் ஒளிப்புத்தான். ஆகவே நேற்று ஹென்ரிக் வீட்டுக்குப் போனேன். அன்றிலிருந்து என்னிடமே இருந்த மூடியை மேசையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கேட்டார்: "அவள் திரும்பி ஓடிய மற்ற நாட்களில் எதைக் கண்டுபிடித்தாள்?"

எனக்குத் தெரியாது. நான் கேட்டதே இல்லை.

வாசுகியிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த மூடியும் இந்தக் கேள்வியும்தான். அடுத்த மாதம் மறுபடி ஏவுகிறோம். ஏணியில் நான்தான் ஏற வேண்டும். எதையாவது மறந்துவிட்டுத் திரும்பி ஓட இனி அங்கே யாரும் இல்லை.