போட்டு வாறன் என்று சொன்ன குற்றம்

தொண்ணூறுகளில், ரொறன்ரோவுக்கு வந்த புதிதில், எங்கே வேலை கேட்டுப் போனாலும் கனேடிய அனுபவம் இருக்கிறதா என்றார்கள். அனுபவம் வேண்டுமென்றால் முதலில் சும்மா உழைத்துக் கொடுக்க வேண்டும். வெக்ஸ்போர்ட்டில் ஒரு முதியோர் இல்லத்தில் அப்படித்தான் தொண்டராகச் சேர்ந்தேன். அங்கே ஸ்பானிஷ் பேசும் முதியவர்கள் சிலர் இருந்தார்கள். அந்தப் பாஷை கொஞ்சம் தெரிந்தால் நிரந்தர வேலைக்குச் சிபாரிசு செய்வேன் என்றாள் மேற்பார்வைக்காரி. நூலகத்தில் கசெற் எடுத்து வந்து படிக்கத் தொடங்கினேன்.

"சம்பளமில்லாத வேலைக்குப் பாஷையும் படிக்கிறியோ? உனக்கென்ன விசரோ?" என்றார் அண்ணை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் சொன்னதில் பிழையில்லை என்பதால் இன்னும் கூட.

சிலி நாட்டு அம்மா ஒருவருக்கு மதியச் சாப்பாடு ஊட்டுவது என் பொறுப்பு. என் அரைகுறை ஸ்பானிஷைக் கேட்டு வாய்விட்டுச் சிரிப்பார். சிரித்தபடியே இரண்டு கரண்டி கூடச் சாப்பிடுவார். மகன் பக்கத்து ஊரான விட்பியில் இருந்தான். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று வாராவாரம் போனில் சொல்லுவான். வந்து நான் கண்டதில்லை.

வெளிக்கிடும்போது அவரிடம் 'போகிறேன்' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எங்கள் வீடுகளில் யாரும் அப்படிச் சொல்வதில்லை, அதுவும் நோயில் கிடக்கும் வருத்தக்காரருக்கு முன்னால். 'போட்டு வாறன்' என்பதுதான் வழக்கம். அதையே ஸ்பானிஷில், 'போய்த் திரும்பி வருகிறேன்' என்று சொல்லிவிட்டு பஸ் ஏறுவேன்.

அன்றைக்கே திரும்பி வந்துவிடுவேன் என்று அவர் நம்பினார். நான் போனதும் கோட்டைப் போட்டுக்கொண்டு வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்துவிடுவாராம். இரவுச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால், அந்தப் பிள்ளை வரட்டும் என்பாராம். பின்னேர ஷிஃப்ட்காரர்களுக்கு இது பெரிய தலையிடி.

விஷயம் மகனுக்குப் போனது. என் தாய்க்குப் பொய் வாக்குக் கொடுப்பது யார் என்று போனில் கத்தினானாம். ஞாயிற்றுக்கிழமைக்காரன் கேட்கிறான்! மேற்பார்வைக்காரி என்னைக் கூப்பிட்டு அன்றோடு நின்றுவிடச் சொன்னாள். எங்கள் வழக்கத்தை விளக்கினேன். கதையை முடித்துக்கொள்ளத் தலையாட்டினாள். "போகிறேன் என்று தெளிவாகச் சொல்லிவிட்டுப் போ" என்றாள். சிபாரிசு என்ற பேச்சே எழவில்லை.

அந்த அம்மாவிடம் போய், 'போகிறேன்' என்று ஸ்பானிஷில் சொன்னேன். ஒருவரின் முகத்தைப் பார்த்து நான் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. வாயெல்லாம் கசந்தது.

"எப்போது வருவாய்?" என்று கேட்டார்.

நான் சாப்பாட்டுத் தட்டை எடுத்து ஓரமாக வைத்தேன். அவர் மடியிலிருந்த கோட்டை என்னிடம் நீட்டி, அலுமாரியில் மாட்டச் சொன்னார். மாட்டினேன்.

அடுத்த கிழமை பெயர் அட்டையைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். மேற்பார்வைக்காரிக்கு ஒரே சந்தோஷம்.

"இப்போது நேரத்துக்குச் சாப்பிடுகிறார். யாருக்காகவும் காத்திருப்பதில்லை. மகன் சொன்னால்கூட நம்புவதில்லை."