சேர் சோதினை முடியுமட்டும் இருப்பாரோ?

ரியூசன் வாத்தியாருக்குத் தொண்டை கட்டினாலே ஊருக்குத் தெரிந்துவிடும். புற்றுநோய் என்றால் கேட்கவும் வேண்டுமா? வெண்கட்டித் தூசியில் சீவியம் நடத்தும் சக வாத்திமாரே, உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்!

நல்லூரில் உயர்தர வகுப்புக்கு இரசாயனம் படிப்பிக்கிறேன். போன வருடம் எனக்குப் புரொஸ்டேட் புற்றுநோய் என்று பயொப்சியில் தெரியவந்தது. சிறியது, வேகமாக வளராத வகை. அடிக்கடி இரத்தம் சோதித்து, இடைக்கிடை ஸ்கான் எடுத்துக் கண்காணிக்கலாம். விரும்பினால் இப்போதே ஒப்பரேசனோ கதிர்ச் சிகிச்சையோ செய்யலாம், ஆனால் ஒப்பரேசனுக்குப் பிறகு சிலருக்குச் சிறுநீர் அடங்காது, தாம்பத்தியமும் பாதிக்கப்படலாம் என்று டொக்டர் விளக்கினார். "ரெண்டும் பிழையில்லை. யோசிச்சு நீங்களே முடிவெடுங்கோ" என்றார். அந்த 'நீங்களே' ஊரில் ஒருவர் காதிலும் விழவில்லை. கண்காணிப்போம் என்று நான் தீர்மானித்ததுதான் தாமதம், ஆளாளுக்குக் கிளம்பிவிட்டார்கள்.

வருத்தம் பார்க்க வந்தவர்

வகுப்பு முடித்து, சட்டையெல்லாம் வெண்கட்டித் தூளோடு வெளியே வருகிறேன். மாணவி ஒருத்தியின் தாய் தோடம்பழமும் திராட்சையும் கொண்டு நிற்கிறார். வருத்தம் வந்து படுத்த படுக்கையாகக் கிடப்பவனுக்குக் கொண்டுபோகும் சாமான்! காலையிலிருந்து மண்டபம் அதிரக் கத்திவிட்டு வந்தவனுக்கு அதைத் தந்தால் எப்படியிருக்கும், சொல்லுங்கள். ஆனாலும் பொறுமையாக, வகுப்பில் விளங்கப்படுத்துவதுபோலவே எல்லாம் விளங்கப்படுத்தினேன். தலையாட்டிக் கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"அதெல்லாம் சரி சேர், நீங்கள் சோதினை முடியுமட்டும் இருப்பியளோ? இல்லாட்டி பிள்ளையை இப்பவே மற்றச் சேரிட்டை மாத்திவிட்டால் நல்லதெல்லே?"

நேரசூசியில் ஓர் இடைவெளி

அந்தப் பிள்ளை மாறிப் போனது. இன்னும் சிலரும் போனார்கள். அடுத்த கிழமை ரியூசன் நிலைய நிர்வாகி நேரசூசியோடு வந்து பக்கத்தில் இருந்தார். சோதினை முடிந்து புது வகுப்புத் தொடங்குவதற்குள் கொஞ்ச நாள் மண்டபம் சும்மா கிடக்கிறதாம். அதற்குள் வெட்டி எடுத்துவிட்டு வந்தால் பெற்றோருக்கும் நிம்மதியாம். என் உடம்பு இவருக்குப் பூச்சுப் பூச வேண்டிய மதிலாகத் தெரிந்ததோ என்னவோ! இப்போது தேவையில்லை, வெட்டினால் மூத்திரம் அடக்க முடியாமலும் போகலாம், அந்தக் கோலத்தில் எப்படி வகுப்பில் நிற்பேன் என்று சத்தம் போட்டே கேட்டேன். மனிதர் அசையவில்லை.

"வருத்தம் உங்கடைதான் சேர், இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனால் மண்டபம் என்ரையெல்லே?"

விலங்கியல் பாடம்

இதைவிட மோசம், விஷயம் தெரிந்தவர்கள். எங்கள் விலங்கியல் வாத்தியார் வட்டுக்கோட்டைக்காரர், என் வயதுக்காரர். ஓய்வறைப் பலகையில் புரொஸ்டேட் சுரப்பியைப் படம் கீறி, மற்ற வாத்திமார் பார்த்திருக்க, அதன்மேல் குறுக்கும் மறுக்குமாக ஒரு பெரிய புள்ளடி போட்டார். "கான்சரை உள்ளை வைச்சுச் சோறு போடுறீரோ? வெட்டி எறியும்" என்றார். எனக்கு முகம் சிவந்துவிட்டது. படத்தை அழித்தேன்.

அழித்துவிட்டு, வெட்டினால் தாம்பத்தியத்துக்கு என்ன நடக்கலாம் என்று டொக்டர் சொன்னதையும் சொன்னேன். விலங்கியல் அறிவு முழுவதும் அந்த இடத்திலேயே கவிழ்ந்தது.

"ஐசே, அப்ப உதிலை கையே வைக்க விடாதையும்!"

வீட்டில்

அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்து மனைவியிடம் கொட்டித் தீர்த்தேன். யாருடைய உடம்பு? யாருடைய உயிர்? என்னை ஒருவராவது கேட்டார்களா? அவள் தேங்காய் திருவிக்கொண்டிருந்தாள். நான் மூச்சு வாங்கியபோது பாதித் தேங்காயைக் கீழே வைத்தாள்.

"நீங்கள் வகுப்புக்குப் போறியள், கிளினிக்குக்குப் போறியள், ஊரோடை சண்டை பிடிக்கிறியள். ஒவ்வொரு முறையும் இரத்தம் குடுத்திட்டு வந்தால், முடிவு வருமட்டும் ஒரு வாய் சோறு இறங்காமல் இருக்கிறது நான். என்னை ஆர் கேட்டது?"

ஊரெல்லாம் தீர்ப்புச் சொன்ன என் வருத்தத்தில் இத்தனை நாளும் வாய் திறக்காமல் இருந்தவள் அவள் ஒருத்திதான், ஆகவே வெட்டுவதா காத்திருப்பதா என்பதை அடுத்த கிளினிக்கில் அவளையும் பக்கத்தில் இருத்தித்தான் பேசப் போகிறேன்.